சீனி போட்ட சாட்சியம்

நீங்கள் பேசுகிற இத்தாலியனைக் கேட்டால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. நீங்கள் இங்கே பள்ளிக்கூடம் போனவர்கள். பலேர்மோக்காரர் மாதிரியே சொல்லின் வாலை இழுக்கிறீர்கள். என்னுடையது முப்பது வயதுக்குப் பிறகு மற்றவர்களின் குளியலறையைத் தேய்த்துக்கொண்டே காதால் பிடித்த இத்தாலியன். ஆகவே மொழியைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை. எந்தப் படிவத்தை எந்த யன்னலில் கொடுப்பது என்பதை எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் உள்ளவர்களே காட்டுவார்கள். ஆறு மாதத்தில் அதுவும் மாறிவிடும்.

திங்கட்கிழமை தொடக்கம் நீங்கள் ஒருவரின் பக்கத்தில் இருந்து, அவருக்காக வாய் திறக்கப் போகிறீர்கள். அந்த வேலையில் நான் விட்ட ஒரு பிழையைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற ஆட்களைக் கூப்பிட்டுப் பேச விட்டால் தங்கள் கெட்டித்தனத்தைத்தான் அளந்து கொட்டுவார்கள். என்னிடமும் அப்படி நாலைந்து கதைகள் உண்டு. அவற்றைத் தேத்தண்ணி நேரத்தில் கேளுங்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தேன். அது போதும், இங்கே வந்து எத்தனை வீடு கூட்டினாலும் நம்முடைய சனத்துக்கு நான் ரீச்சர்தான். மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்ததும் அந்தப் பெயரால்தான். எல்லாரும் என்னைக் கூட்டிக்கொண்டு போனது கெஸ்தூராவுக்கு. வெளிநாட்டவருக்கு பெர்மெஸ்ஸோ, அதாவது தங்கும் அனுமதி, புதுப்பிக்கும் பொலிஸ் அலுவலகம் அது. அங்கே ஒருநாள் ஒரு மனிதர் யன்னலுக்கு முன்னால் நின்று, "உவனுக்கென்ன விசரே? விடியத் தொடக்கம் நிக்கிறன், கால் வீங்கிப் போச்சு" என்று பொரிந்து தள்ளினார். நான் அலுவலரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "தன் முறை கிட்டடியில் வருமா என்று ஐயா பணிவாகக் கேட்கிறார்" என்றேன். அடுத்த பத்து நிமிடத்தில் முத்திரை விழுந்தது. ரீச்சரைக் கூட்டிக்கொண்டு போனால் அலுவல் முடியும் என்று பெயர் வந்துவிட்டது. எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது.

நீதிமன்றத்தில் அரபு மொழிபெயர்த்த ஒரு துனீசியாப் பெண் இருந்தார். என்னைவிட வயதில் மூத்தவர், சிரிக்காத முகம். நாலைந்து தரம் நான் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு, கோப்பிக் கடையில் வைத்து ஒரே ஒரு வசனம் சொன்னார். "நீ எல்லாவற்றுக்கும் சீனி போடுகிறாய். ஒருநாள் சீனி வருத்தக்காரர் ஒருவர் உன்னிடம் வந்து மாட்டப் போகிறார்." எனக்குச் சுருக்கென்றது. பொறாமையில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு கோப்பியைக் குடித்தேன்.

அவர் சொன்ன ஆள் வர அதிக காலம் எடுக்கவில்லை. பிலோமினாக்கா.

அந்த வருடம் ஒரு சட்டமூலம் பாராளுமன்றத்தில் இழுபட்டுக்கொண்டிருந்தது. நிரந்தரமாகத் தங்குவதற்கான அட்டை கேட்கிற வெளிநாட்டவருக்கு இத்தாலிய மொழிப் பரீட்சை முன்பும் இருந்ததுதான். அதில் வாசிப்பையும் எழுத்தையும் இன்னும் இறுக்க வேண்டும் என்றது புதிய சட்டமூலம். அதற்குள் ஒரேயொரு சின்னப் பிரிவை ஒரு பெண் உறுப்பினர் போராடிச் சேர்த்திருந்தார். எந்த மொழியிலும் பள்ளிக்கூட வாசலே மிதியாதவர்கள், அதோடு வயதும் போனவர்கள் என்றால், அவர்களை வாயால் மட்டும் சோதித்தால் போதும் என்றது அந்தப் பிரிவு. சண்டை முழுக்க அந்தப் பிரிவைச் சுற்றித்தான். அப்படி ஒருவருமே இந்தக் காலத்தில் இல்லை, இது ஏமாற்றுக்காரருக்குத் திறந்துவிடும் கதவு என்றது மற்றப் பக்கம். ஆட்களை நேரில் கேட்போம் என்று இரண்டு பக்கத்திலும் சில உறுப்பினர்கள் ஊர் ஊராகப் புறப்பட்டார்கள். பலேர்மோவுக்கும் ஒரு நாள் ஒதுக்கினார்கள். வெளிநாட்டவருக்கு உதவும் சங்கமொன்றின் சட்டத்தரணி என்னைக் கூப்பிட்டு, "உண்மையாகவே எழுத்துத் தெரியாத ஒருவர் உங்கள் ஆட்களில் இருக்கிறாரா?" என்று கேட்டார்.

எனக்கு உடனே ரோசம் வந்தது. எங்கள் ஆட்களிலா? தமிழரிலா? வாய்வரை வந்துவிட்டது. பிறகுதான் பிலோமினாக்காவின் கையெழுத்து நினைவுக்கு வந்தது.

பிலோமினாக்காவுக்கு மன்னாரில் ஒரு கரையூர். சண்டைக்குள் ஊர் ஊராக ஓடி, கருவாடு காயப்போட்டு வளர்ந்தவர். பலேர்மோவில் பதினெட்டு வருடம் நோயாளியான ஒரே சிஞ்ஞோராவை, ஒரு வீட்டுக்கார அம்மாவை, பராமரித்தார். தூக்கி, குளிப்பாட்டி, கடைசியில் கண்ணையும் மூடிவிட்டவர் அவர்தான். படிவம் நிரப்ப என்னிடம் வருவார். கையொப்பம் இடச் சொன்னால், பேனையை இறுக்கிப் பிடித்து, கோலம் போடுகிற மாதிரி ஒரு கோட்டில் தொடங்கி அதே கோட்டில் முடிப்பார். ஒருதரம் நான் படிவத்தைத் தலைகீழாக நீட்டிவிட்டேன். அவர் அப்படியே தலைகீழாகப் போட்டுவிட்டார். நான் கேளாமலே படிவத்தை உறைக்குள் வைத்தேன்.

மாதா கோயிலில் ஒருவருக்கும் தெரியாது. செபமாலை அவர் சொன்னால்தான் சொன்ன மாதிரி. ஒரு மந்திரம் பிசகாது, புத்தகத்தின் தாளும் எல்லாரோடும் சேர்ந்து புரளும். தமிழ்ப் பூசையில் வேதாகம வாசகம் வாசிக்கிற முறை வந்தால் மட்டும் பிலோமினாக்காவுக்குத் தொண்டை கட்டிவிடும். மகள் வாசிப்பாள். அந்த முறைப் பட்டியலைப் போடுகிறது நான். வருடத்தில் மூன்று தரம் ஒரு மனிசிக்கு ஏன் சரியாக அந்த ஞாயிறு தொண்டை கட்டுகிறது என்று பட்டியல் போட்ட ரீச்சருக்கு அந்தத் தலைகீழ்க் கையெழுத்தைக் காணும்வரை விளங்கவில்லை பாருங்கள்.

சிஞ்ஞோரா செத்ததோடு வேலை போனது. முழங்கால் இரண்டும் முன்பே போய்விட்டது. கொஞ்ச நாள் ஊருக்கு வெளியே சியாகுல்லித் தோட்டத்தில் மந்தரீனோ என்கிற குட்டி ஆரஞ்சுத் தோடம்பழம் தெரிந்தெடுத்துப் பெட்டியில் அடுக்கினார், கதிரையில் இருந்து செய்கிற வேலை என்றபடியால். பெர்மெஸ்ஸோ வேலையோடு கட்டுப்பட்டது. ஒப்பந்தம் இல்லையென்றால் புதுப்பிக்க மாட்டார்கள். மகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் பல்லரோச் சந்தைக்குப் பின்னால் இருக்கிறார்கள். மன்னாரில் அவருக்கென்று ஒரு ஆள் மிச்சமில்லை. நிரந்தர அட்டை கிடைத்தால் கால் ஓய்ந்தாலும் பேரப்பிள்ளைகளோடு இருக்கலாம். கிடைக்காவிட்டால், கால் ஓய்கிற அன்று நாட்டை விட்டுப் புறப்பட வேண்டும். அட்டைக்கும் அவருக்கும் நடுவில் நின்றது அந்த எழுத்துப் பரீட்சைதான்.

நான் போய்க் கேட்டபோது சந்தையில் மத்தி மீன் பேரம் பேசிக்கொண்டிருந்தார். சிசிலிக்காரன் விலை சொல்லி முடிக்கவில்லை, பிலோமினாக்கா அவன் பாஷையிலேயே அவனைத் திட்டி அரைவாசிக்கு இறக்கிவிட்டார். பையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக வந்து நான் சொன்னதைக் கேட்டார். முகம் செத்துப் போனது.

"உங்களுக்குத் தெரியுமோ ரீச்சர்?"

"ஓம் அக்கா. கன நாளாத் தெரியும்."

"எங்கட சனத்துக்கு முன்னாலயோ சொல்லோணும்?"

"இல்லை, இல்லை. அஞ்சாறு இத்தாலியர்தான் இருப்பினம். எங்கட ஆக்கள் ஒருத்தரும் வரமாட்டினம்."

நாலாம் நாள் குரல் பதிவு ஒன்று வந்தது. "வாறன் ரீச்சர். வெள்ளைச் சேலையோ, கவுனோ உடுக்கிறது?"

இனி என்னுடைய முதலாவது மடைத்தனம். அந்த நாளில் கோயில் அலுவல் ஏதும் உண்டா என்று கேட்கப் போய்ப் பங்குத் தந்தையிடம் வாய்விட்டேன். நம்மில் ஒருவர் சட்டம் செய்கிறவர்களுக்கு முன்னால் பேசப் போகிறார் என்று எனக்குள் ஒரு புழுகம், ஒரு பெருமை, அவ்வளவுதான். யார், என்னத்தைப் பேசப் போகிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் பூசை முடிவில் அறிவித்தலோடு அறிவித்தலாக, எல்லாரும் போய் ஆதரவு கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். நம்முடைய சனம் ஆதரவு கொடுப்பது என்றால் சும்மா கொடுக்குமா? பதினைந்து பேர், பட்டுச் சேலை, தலைக்குப் பூ.

மண்டபம் துறைமுகப் பக்கம். கப்பல் ஊதினால் யன்னல் கண்ணாடி அதிரும். நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் உறுப்பினர்கள், ஓரத்தில் எல்லாவற்றையும் தட்டச்சுச் செய்கிற ஒரு பெண், இந்தப் பக்கம் நானும் பிலோமினாக்காவும். நாங்கள் இருந்த பிறகுதான் பின்கதவு திறந்தது. பாடகர் குழு, மறைக்கல்வி ரீச்சர்மார், பங்குச் சபைத் தலைவர் எல்லாரும் வரிசையாக வந்து இருந்தார்கள். பிலோமினாக்கா திரும்பிப் பார்த்தார். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தார்.

"அக்கா, வேண்டாமெண்டால் எழும்பிப் போவம். சுகமில்லை எண்டு சொல்லுறன்" என்றேன் மெதுவாக.

"இன்னொரு தொண்டைக்கட்டோ?" என்றார். "வந்தாச்சு. இருப்பம்."

அவர் இத்தாலியனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் சமையலறையில் படித்த இத்தாலியனோடு இப்படிப்பட்ட இடத்தில் வாய் திறக்கப் பயந்தார். தமிழில் சொல்லட்டும், நான் பெயர்க்கிறேன் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். ஒலிவாங்கியை அவர் பக்கம் தள்ளி வைத்தேன். அவர் ஒரே மூச்சில் சொன்னார்.

"எனக்கு எழுத்துத் தெரியாது. இத்தாலியனும் தெரியாது, தமிழும் தெரியாது. ஒரு நாளும் பள்ளிக்கூடம் போகேல்லை. என்ர பேரை நான் எழுதுறேல்லை, கீறுறனான். கோயில்ல புத்தகத்தைச் சும்மா பிடிச்சுக்கொண்டு நிக்கிறனான். மற்ற ஆக்கள் தாளைப் புரட்டேக்க நானும் புரட்டுறனான்."

பின்னால் கதிரைகள் கிறீச்சிட்டன. யாரோ "யேசுவே" என்றார்கள். நான் திரும்பிப் பார்த்தேன், பார்த்திருக்கக் கூடாது. இருபது வருடமாக அவர் பக்கத்தில் நின்று பாடுகிற பெண் வாயில் கை வைத்திருந்தார். இந்த மனிசி இனி எப்படிக் கோயிலுக்குப் போகும் என்று ஒரு நினைப்பு. தமிழருக்கு எழுத்துத் தெரியாது என்று இத்தாலியர் எழுதி வைக்கப் போகிறார்களே என்று இன்னொரு நினைப்பு. இரண்டாவது நினைப்புத்தான் பலமாக இருந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். என் வாய் பழகிய வழியில் போனது.

"சாட்சிக்கு அதிகம் படிக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. இத்தாலிய மொழியில் எழுதுவது தனக்குக் கடினம் என்கிறார்."

அவ்வளவுதான். புத்தகக் கதையை அப்படியே விழுங்கிவிட்டேன்.

மேசையின் மறுபக்கத்தில், அந்தப் பிரிவை எதிர்த்தவர்களில் ஒருவர், மெலிந்த, மரியாதையான மனிதர், தலையாட்டினார். "அப்படியானால் இந்த அம்மா தன் மொழியில் வாசிப்பார். ஒரு எழுத்து முறை தெரிந்தவருக்கு இன்னொன்று முயற்சிதான். இந்தப் பிரிவு அவருக்கானது இல்லை. நாங்கள் போன ஊரெல்லாம் இதே கதைதான். அதிகம் படிக்காதவர்களைக் காட்டுகிறார்கள். எழுத்தே தெரியாதவரை ஒருவரும் காட்டவில்லை." தட்டச்சுப் பெண்ணின் விரல்கள் ஓடின. அந்தப் பிரிவைச் சேர்த்த பெண் உறுப்பினர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுத்துத் தெரியாத ஆளுக்குக் காது சும்மா இருக்காது. பதினெட்டு வருடம் ஒரு நோயாளியின் முனகலைக் கேட்டே அவருக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடித்தவர் பிலோமினாக்கா. நான் சொன்னது முழுக்க அவருக்கு விளங்கியிருந்தது. என் பக்கம் சரிந்து, அடங்கிய குரலில் கேட்டார்.

"ரீச்சர், நான் சொன்னது அதில்லையே."

நான் குறிப்புத் தாளைப் புரட்டினேன். அவர் விடவில்லை.

"நீங்கள் எனக்காக வெக்கப்படுறீங்களோ, உங்களுக்காகவோ?"

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்தி வைக்க விரும்புகிறேன். நாலைந்து விநாடிதான், ஆனால் அதற்குள் எத்தனை கணக்கு ஓடுகிறது என்று பாருங்கள். பிழை என்று ஒத்துக்கொண்டால், நான் அதுவரை சொன்ன எதையும் நம்ப மாட்டார்கள். மாற்றிச் சொன்னால் அந்த மனிதர் அதையே பிடித்துக்கொண்டு பிலோமினாக்காவைப் பொய்க்காரியாக்குவார். அலுவலகம் இனி என்னைக் கூப்பிடாது. பின்னால் முழு ஊரும் இருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் விட்டால்? அடுத்த கேள்வியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சமாளித்துச் சரிக்கட்டலாம், அதில் நான் கெட்டிக்காரி. எனக்குப் பெயர் வாங்கித் தந்த வித்தை அதுதானே.

அந்தத் தட்டச்சுச் சத்தம்தான் என்னை உலுக்கியது. அங்கே ஒரு தாளில் பிலோமினாக்காவின் பெயருக்குக் கீழே என் பொய் ஏறிக்கொண்டிருந்தது. மற்ற எவரும் அந்தத் தாளைப் பிறகு வாங்கிப் பார்த்து, நான் இப்படிச் சொல்லவில்லை என்று சண்டை பிடிக்கலாம். அவரால் முடியாது. இன்று அவர் காது பிடித்தபடியால் தெரிந்தது. நாளைக்கு அந்தத் தாள் ஏதாவது ஒரு மேசையில் கிடந்து அவருக்கு எதிராகப் பேசும்போது அவருக்குத் தெரியாது.

ஒலிவாங்கியை என் பக்கம் இழுத்தேன். "மொழிபெயர்ப்பில் பிழை நடந்துவிட்டது. பிழை என்னுடையது, சாட்சியுடையது அல்ல. அவர் சொன்னதை மறுபடி முழுமையாகச் சொல்கிறேன். பதிவு செய்யுங்கள்."

நம்முடைய தொழிலில் ஒரு விதி உண்டு, உங்களுக்கும் சொல்லித் தந்திருப்பார்கள். ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லக் கூடாது, அவர் ‘நான்’ என்றால் நாமும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். முதல் தரம் ‘சாட்சிக்கு’ என்று தொடங்கித் தப்பிக்கொண்டேன். இந்தத் தரம் விதிப்படி தொடங்கினேன். எனக்கு எழுத்துத் தெரியாது. எனக்குத் தமிழும் வாசிக்கத் தெரியாது. நான் கோயிலில் புத்தகத்தைச் சும்மா பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நாற்பது பிள்ளைகளுக்கு அரிச்சுவடி படிப்பித்த என் வாயால், என் ஊரவர் பதினைந்து பேருக்கு முன்னால் அதைச் சொல்லி முடிக்க என் தொண்டையும் கட்டிவிட்டது. இது மெய்யான தொண்டைக்கட்டு.

நான் பயந்த மாதிரியே நடந்தது. அந்த மனிதர் பேனையைக் கீழே வைத்தார். "ஐந்து நிமிடத்தில் இரண்டு கதை. எதை நம்புவது? அதோடு, தெரியாது என்று யாரும் சொல்லலாம். தெரியும் என்பதைப் பரீட்சை வைத்துப் பிடிக்கலாம். தெரியாது என்பதை எப்படிப் பிடிப்பது?" நியாயமான கேள்விதான். பிறகு அவர் தன் வீட்டுக் கதையைச் சொன்னார். அவருடைய பாட்டனாரின் தமையன் இதே பலேர்மோத் துறைமுகத்தில் கப்பலேறி அமெரிக்கா போனாராம். அங்கே அந்தக் காலத்தில் வாசிப்புச் சோதனை வைத்தார்கள். வாசிக்கத் தெரியாததால் அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "அந்த அவமானத்துக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் ஒரு பிள்ளையும் பள்ளிக்கூடம் போகாமல் இருந்ததில்லை. அந்தச் சோதனைதான் எங்களைப் படிக்க வைத்தது. சலுகை கொடுப்பது இவர்களைச் சமையலறையிலேயே பூட்டி வைப்பது."

நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். விளங்கியிருந்தாலும் பிலோமினாக்கா முழுவதையும் கேட்டார். பிறகு கேட்டார்:

"திரும்பி வந்த அந்த மனிசன் படிச்சவரோ?"

நான் பெயர்த்தேன். உறுப்பினர் கொஞ்சம் தயங்கினார். "இல்லை. கந்தகச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனார்."

"அப்ப படிச்சது வேற ஆக்கள்" என்றார் பிலோமினாக்கா. "என்ர பேரப்பிள்ளையளும் படிக்குதுகள். நல்லாப் படிக்குதுகள். நான் என்னைப் பற்றியெல்லே கேக்கிறன்."

அதையும் ‘நான்’ என்றே பெயர்த்தேன்.

பிறகு அவர் கைப்பையைத் திறந்து தொலைபேசியை எடுத்து, ஆட்களின் இலக்கங்கள் சேமித்திருக்கிற பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்துத் தள்ளினார். அதை நாங்கள் பேசி வைக்கவில்லை. உறுப்பினர் எடுத்துப் பார்த்தார். விரலால் மேலே தள்ளினார், இன்னும் தள்ளினார். ஒரு பெயர் இல்லை. எல்லாம் படம். இலையோடு ஒரு மந்தரீனோ. நீலக் கதவு ஒன்று. மெழுகுதிரி. ஒரு பல். மருந்துச் சீசா, அதன் கழுத்தில் சிவப்பு நூல்.

"இது யார்?" என்று மந்தரீனோவைக் காட்டினார்.

"சியாகுல்லியில வேலைக்குக் கூப்பிடுற ஐயா."

"நீலக் கதவு?"

"செத்துப் போன சிஞ்ஞோரான்ர மகன்."

"மருந்துச் சீசா?"

"டொக்டர். சிஞ்ஞோராவுக்குக் காலமைக் குளிசைக்குச் சிவப்பு நூல், பின்னேரத்துக்குப் பச்சை நூல். பதினெட்டு வருசம் ஒருக்காலும் மாறிக் குடுக்கேல்லை."

பேனை பிடித்த ஒரு கையின் படமும் இருந்தது. அதை அவர் கேட்கவில்லை. என் கை, என் மோதிரம். நான் படிவம் நிரப்பும்போது எப்போதோ எடுத்திருக்கிறார்.

உறுப்பினர் தொலைபேசியை மெதுவாகத் திருப்பி வைத்தார். "வேறு கேள்வி இல்லை" என்றார். அவர் மனம் மாறினார் என்று நினைக்காதீர்கள். பிறகும் அந்தப் பிரிவுக்கு எதிராகத்தான் பேசினார் என்று சட்டத்தரணி சொன்னார். ஆனால் அப்படி ஒருவரும் இல்லை என்ற வசனத்தை மட்டும் அதன்பிறகு அவர் சொல்லவில்லையாம்.

படியிறங்கும்போது பாடகர் குழுப் பெண்கள் எங்களைக் கடந்து போனார்கள். அடுத்த ஞாயிறு பிலோமினாக்கா கோயிலுக்கு வந்தார், தன் இடத்தில் நின்றார், செபமாலை சொன்னார். புத்தகம் இருக்கையில் கிடந்தது. அந்தக் கிழமையே, வாயில் கை வைத்த அந்தப் பாடகர் குழுப் பெண் என் வீட்டுக்கு ஒரு கடிதத்தோடு வந்தார். "கண்ணாடி உடைஞ்சு போச்சு ரீச்சர், ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றார். வாசித்தேன். எழும்பிப் போனவர் வாசலில் நின்று, "கண்ணாடி உடையேல்லை ரீச்சர்" என்றார். பிறகு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். எத்தனை வருடம் நான் வாசகப் பட்டியல் போட்டிருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். இப்போது விருப்பப்பட்டவர்கள்தான் வாசிக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பு அலுவலகம் ஒரு வருடத்துக்கு மேல் என்னைக் கூப்பிடவில்லை. நியாயம்தான். துனீசியாப் பெண்ணைக் கோப்பிக் கடையில் கண்டு நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கோப்பிக்குக் காசு மட்டும் கொடுத்தார்.

சட்டமூலம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அரசாங்கம் கவிழ்ந்தது. சட்டமூலம், அதற்குள் இருந்த பிரிவு, அவ்வளவு சண்டை, எல்லாம் ஒரு மேசை லாச்சிக்குள் போனது. பழைய விதியே மிஞ்சியது. அதில், படிக்க முடியாத நிலை என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தால் அலுவலர் பார்த்துத் தீர்மானிக்க ஒரு சின்ன இடைவெளி இருந்தது. அலுவலர் வைத்தியரின் தாளை மட்டும் நம்பவில்லை. மண்டபத்தில் அன்றைக்குத் தட்டச்சுச் செய்த பதிவேட்டின் பிரதியைச் சட்டத்தரணி சேர்த்து வைத்தார். பதிவில் நான் முதலில் சொன்னது மட்டும் நின்றிருந்தால், தன் மொழி வாசிக்கத் தெரிந்தவர் என்று அந்தத் தாளே பிலோமினாக்காவைத் திருப்பி அனுப்பியிருக்கும். அட்டை வந்தது. இப்போதும் பலேர்மோவில்தான் இருக்கிறார், முழங்காலைத் திட்டிக்கொண்டு.

நான் சொல்லி முடிக்க வந்தது அட்டை வந்த நாளை அல்ல, அதற்கு முன்னொரு பின்னேரத்தை. அந்தப் பதிவேட்டின் பிரதி ஒன்று தபாலில் பிலோமினாக்காவுக்கும் வந்திருந்தது. என்னை வரச் சொல்லிக் கூப்பிட்டார். தேத்தண்ணி வைத்தார். கடித உறையை என் கையில் தந்துவிட்டு எதிரே இருந்தார்.

"இதை வாசியுங்கோ ரீச்சர். ஒண்டையும் விடாமல்."

வாசித்தேன். திகதி, இடம், இருந்தவர்களின் பெயர்கள். பிறகு இரண்டாம் பக்கத்தில் அது வந்தது: சாட்சிக்கு அதிகம் படிக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. அச்சில் என் பொய் மிக அழகாக இருந்தது. கண் அடுத்த வரிக்கு ஓடியது. ஒரு வரியைத் தாண்டினால் அவருக்கு எப்படித் தெரியப் போகிறது என்று, வெட்கம் கெட்டு, அப்போதும் ஒரு கணம் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வரியை வாசித்தேன். பிறகு அதற்குக் கீழே இருந்ததையும். "மொழிபெயர்ப்பாளர் தன் பிழையை ஏற்று, சாட்சி கூறியதை முழுமையாகத் திருத்திக் கூறினார்." அதன் கீழே பிலோமினாக்கா சொன்னது, ஒவ்வொரு வசனமாக, ‘நான்’ என்றே.

கடைசித் தாள் வரை வாசித்து முடித்து மடித்து வைத்தேன். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

"அந்த இடத்தை இன்னொருக்கா வாசியுங்கோ" என்றார்.

"எந்த இடம் அக்கா?"

"நீங்கள் பிழையெண்டு சொன்ன இடம்."

வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்றாம் தரம் வாசிக்கச் சொல்லவில்லை.